தி பேர்ட்ஸ்

ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் இயக்கி 1963இல் வெளிவந்த அமெரிக்கத் திகில் படம். டாஃப்னி டு மாரியே 1952இல் வெளியிட்ட கதையைத் தழுவி இவான் ஹன்டர் திரைக்கதை எழுதினார். கலிஃபோர்னியாவின் போடேகா பே என்னும் கடலோர ஊரில் கடற்புறாக்களும் காகங்களும் திடீரென மனிதர்களைத் தாக்கத் தொடங்குகின்றன.

படத்தின் உச்சம் பள்ளிக்கூடக் காட்சிதான். உள்ளே குழந்தைகள் பாடுகிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நாயகி டிப்பி ஹெட்ரன் சிகரெட் பிடிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், விளையாட்டுக் கம்பிகளில் ஒரு காகம் வந்து அமர்கிறது. பிறகு இன்னும் சில. வானில் பறக்கும் ஒரு காகத்தைக் கண்ணால் தொடர்ந்து அவர் திரும்பும்போது, கம்பிகள் முழுக்கக் காகங்கள்! நமக்கு முன்பே தெரிந்துவிட்ட ஆபத்து அவருக்குத் தெரியவில்லை. பதற்றம் பிறப்பது அங்கேதான்.

வழக்கமான பின்னணி இசை கிடையாது. டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் ஆஸ்கர் சாலா உருவாக்கிய பறவை ஒலிகளே அச்சமூட்டுகின்றன. தாக்குதலுக்கான காரணத்தைப் படம் கடைசிவரை சொல்வதில்லை.