அல்லங்காடி: பழந்தமிழரின் இரவுச் சந்தை



‘பசார் மாலாமுக்குத் தமிழ்ச்சொல் உண்டா?’ எனக் கிள்ளான் மாணவர்கள் என்னிடம் வினவுவதுண்டு. உண்டு. அல் என்றால் இரவு. இரவுச் சந்தை அல்லங்காடி. சங்க காலப் புலவர் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரையின் பகற்சந்தையை நாளங்காடி என்றும், இரவுச் சந்தையை அல்லங்காடி என்றும் குறித்துள்ளார்.

கடற்கரை நகரான காவிரிப்பூம்பட்டினத்தின் இரவைப் பாடுகிறது 301 அடிகள் கொண்ட பட்டினப்பாலை. மக்கள் பாடல் கேட்டனர், நாடகம் கண்டனர், நிலவொளியில் திளைத்தனர். மகளிர் பட்டாடை களைந்து மெல்லிய துகில் உடுத்தினர், மதுவும் அருந்தினர். கடலில் இருந்த பரதவரோ உயர்ந்த மாடங்களில் எரிந்த விளக்குகளை எண்ணினர்.

போரையும் அறத்தையும் மட்டுமே கற்பித்தால், பிள்ளைகள் தமிழை அருங்காட்சியகப் பொருளாகவே எண்ணுவர். அடுத்தமுறை சந்தைக்கு அழைத்துச் செல்லும்போது ‘அல்லங்காடிக்குப் போவோம்’ என்று சொல்லுங்கள்.