பர்க்கும் நம் நாட்டு ஏரிகளும்

பழமை பேணும் அரசியற் கொள்கைக்கு மூலபுருஷராக எட்மண்ட் பர்க் என்பாரை மேனாட்டார் கூறுவர். 1790-ல் அவர் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். பகுத்தறிவொன்றையே துணைக்கொண்டு ஒரு தலைமுறையார் சமுதாயத்தைப் புதிதாக வார்த்துவிடலாமென்பதை அவர் ஒப்பவில்லை. இறந்தோர், இருப்போர், இனிப் பிறப்போர் ஆகிய மூவர்க்கும் பொதுவான கூட்டே சமுதாயமென்பது அவர் துணிபு.

இக்கருத்தின் முளையை ஐந்தாண்டு முன்னரே, நம் நாட்டு ஏரிகளைப் பற்றிய அவர் பேச்சிற் காண்கிறோம். 1785 பிப்ரவரி 28-ல் ஆற்காட்டு நவாபின் கடன்களைக் குறித்துப் பார்லிமெண்டில் பேசுங்கால், சென்னையை அடுத்த ஜாகீரின் படத்தில் ஏரிகளைத் தாமே எண்ணியதாகவும், அவை 1,100-க்கு மேற்பட்டனவென்றும் கூறினார். பின்வருவோரையும் காக்க விரும்பிய முன்னோரின் கொடையென அவற்றைப் போற்றினார். 1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழ்பட்ட நாட்டின் வருவாய், ஏரிகளைச் செப்பனிடாமல் கடன்கொடுத்த வெள்ளையர் கைக்குப் போவதே அவர் முறையீடு. அவர் பக்கத்தார் கொணர்ந்த தீர்மானம் தோற்றது.

இறந்தோர் இருப்போரை ஆளலாகாதென 1791-ல் தாமஸ் பெயின் மறுத்தெழுதினார். அம்மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏரி வெட்டிய கூலியாட்களுட் பலர்க்கு அதன் பாசனத்திற் பங்கிருந்ததில்லை. அவ்வேற்பாடும் முன்னோர் விட்டுச் சென்றதே. இதற்குப் பர்க்கினிடம் நாம் விடை காணவில்லை.