சாம் எங்கல்ஹார்ட்

சாம் எங்கல்ஹார்ட் (சாமுவேல் மார்ட்டின் எங்கல்ஹார்ட், 1912–1985) அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒன்றான அலபாமாவின் சட்டமன்றத்தில் 1950களில் இருந்த அரசியல்வாதி. பெரும் பருத்தி நிலக்கிழார். டஸ்கீகி நகரின் எல்லையை மாற்ற 1957இல் அவர் கொண்டுவந்த சட்டத்தால்தான் இன்று அறியப்படுகிறார்.

அவருடைய நிலங்கள் டஸ்கீகி நகர் அடங்கிய மேக்கன் கவுண்டியில் இருந்தன. கறுப்புப் பட்டை எனப்படும் கரிசல் வட்டாரம் அது. மக்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலிலோ வெள்ளையரே மிகுதி. கறுப்பினத்தவர் பெயரைப் பதியப் போனால், வெள்ளையர் ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பார்கள். சில சமயம் பதிவுக் குழுவே மாதக்கணக்கில் கூடாது. மாநிலத் தொகுதிகளும் 1901க்குப் பிறகு திருத்தப்படவில்லை. அதனால் ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த ஜெஃபர்சன் கவுண்டிக்கும் மாநில மேலவையில் ஒரே செனட்டர். பதினைந்தாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த லவுண்டஸ் கவுண்டிக்கும் ஒரே செனட்டர். கரிசல் நிலக்கிழார்கள் மாநிலத்தையே ஆட்டிவைத்தது இந்தக் கணக்கில்தான்.

எங்கல்ஹார்ட் 1950இல் கீழவைக்கும் 1954இல் செனட்டுக்கும் தேர்வானார். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டும் 1954தான். அத்தீர்ப்பை எதிர்க்க உருவான வெள்ளையர் குடிமக்கள் மன்றங்களை அலபாமாவில் கட்டியெழுப்பியவர்களில் அவர் முதன்மையானவர். வங்கிக்காரர், வணிகர், வழக்கறிஞர் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிய இடங்கள் அவை. யூதர்களைச் சேர்க்க மறுத்த ஏசா கார்ட்டரின் குழுவோடு அவர் மோதினார். இதைத் தாராள மனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்ணியத் தோற்றம் கலையாமல் காரியம் நடக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு.

டஸ்கீகியில் அந்தக் கணக்கு தப்பியது. புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் தொடங்கிவைத்த டஸ்கீகி கல்வி நிலையமும், முன்னாள் படைவீரர்களுக்கான கூட்டாட்சி மருத்துவமனையும் அங்கே இருந்தன. அவற்றில் பேராசிரியர்களும் மருத்துவர்களுமாக இருந்த கறுப்பினத்தவர், உள்ளூர் வெள்ளையரின் தயவில் வாழ்ந்தவர்கள் அல்லர். சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் தலைமையில் டஸ்கீகி குடிமைச் சங்கம் பொறுமையாக வாக்காளர்களைச் சேர்த்துவந்தது. நகர வாக்காளர் பட்டியலில் கறுப்பினத்தவர் எண்ணிக்கை 400ஐத் தொட்டதும் வெள்ளையர் தரப்புக்கு அச்சம் பிடித்தது.

எங்கல்ஹார்ட்டின் மசோதா சதுரமாக இருந்த நகரை 28 பக்க உருவமாக வெட்டியது. கோடு தெருத்தெருவாக வளைந்து போனது. 400 பேரில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் நகருக்கு வெளியே போய்விட்டார்கள்; வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. கல்வி நிலையமும் எல்லைக்கு அப்பால் போனது. மசோதாவில் இனம் என்ற பேச்சே கிடையாது, வெறும் நில அளவைக் குறிப்புகள்தாம். அந்தந்த வட்டாரச் சட்டத்தை அந்தந்த உறுப்பினர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது சட்டமன்ற வழக்கம் என்பதால் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

1957 ஜூன் 25 அன்று ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் தேவாலயமொன்றில் திரண்டார்கள். வெள்ளையர் கடைகளில் வாங்குவதை நிறுத்துவது என்று முடிவாயிற்று. புறக்கணிப்பு என்று சொன்னால் மாநிலச் சட்டப்படி குற்றம். அதனால் நண்பர்களின் கடையில் வாங்குவோம் என்று மட்டும் சொன்னார்கள். கடைத்தெரு வெறிச்சோடியது, சில கடைகள் மூடப்பட்டன. எங்கல்ஹார்ட் விடவில்லை. மேக்கன் கவுண்டியையே கலைத்து அண்டைக் கவுண்டிகளுக்குப் பங்குபோட வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தத்தை முன்வைத்தார். மாநில வாக்காளர்கள் டிசம்பரில் அதற்கு ஒப்புதல் தந்தும் கலைப்பு நடக்கவில்லை.

கோமிலியனும் மற்றவர்களும் நகர மேயர் லைட்ஃபுட்மீது தொடுத்த வழக்கு இரண்டு நீதிமன்றங்களில் தோற்று உச்ச நீதிமன்றம் போனது. முப்பது வயது நிறையாத வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, ராபர்ட் கார்ட்டருடன் சேர்ந்து வாதாடினார். பழைய சதுரத்துக்குள் புதிய உருவம் அடங்கிய பெரிய வரைபடம் நீதிபதிகள் முன் வைக்கப்பட்டது. அதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை. 1960 நவம்பர் 14 அன்று நீதிமன்றம் ஒருமனதாக மனுதாரர் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர், தொகுதி வரையறை விவகாரத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று 1946இல் வாதிட்டவர். இது தொகுதிப் பிரச்சினை அல்ல, இனத்தின் பேரில் வாக்குரிமையைப் பறித்தது என்று பிரித்துக்காட்டி, அமெரிக்க அரசமைப்பின் பதினைந்தாம் திருத்தத்தின்கீழ் தீர்ப்பளித்தார். 1961இல் கீழமை நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்க, பழைய எல்லை திரும்பியது.

எங்கல்ஹார்ட்டின் வாழ்க்கை இதனால் கவிழ்ந்துவிடவில்லை. ஆளுநர் ஜான் பேட்டர்சன் ஆட்சியில் (1959–1963) மாநில நெடுஞ்சாலைத் துறை இயக்குநரானார்; மாநில ஜனநாயகக் கட்சிக் குழுவுக்கும் தலைமை வகித்தார். அவருடைய வட்டாரத்துக்கு வலிமை தந்த தொகுதிக் கணக்கை 1964இல் உச்ச நீதிமன்றத்தின் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பு தகர்த்தது. அதே ஆண்டு டஸ்கீகி நகர மன்றத்துக்குக் கறுப்பினத்தவர் இருவர் தேர்வானார்கள். 1970இல் ஃபிரெட் கிரே அலபாமா கீழவை உறுப்பினரானார்.