எஸ்.எஸ். கெர்சொப்பா: வெள்ளி கரை சேர்ந்தது, மாலுமிகள்?

1/ ஜோக் அருவி நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்கு இன்னொரு பேர் கெர்சொப்பா. அந்தப் பேர்ல ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் இருந்தது. இன்னைக்கு அதோட கதை.

2/ 1919-ல் இங்கிலாந்தில் கட்டிய நீராவிக் கப்பல். 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. சரக்கு: தேயிலை, இரும்பு, டன் கணக்கில் வெள்ளி. கப்பலில் எண்பது பேருக்கு மேல். பெரும்பாலோர் இந்தியர்கள். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இவர்களுக்கு, வெள்ளைக்கார மாலுமியை விடச் சம்பளம் மிகக் குறைவு.

3/ ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் மற்ற கப்பல்களோடு சேர்ந்து, போர்க்கப்பல் காவலோடு இங்கிலாந்து நோக்கிப் பயணம். நடுவில் கடும் புயல். கையிருப்பு நிலக்கரி போதாது. 1941 பிப்ரவரி 14 அன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து, தனியாக அயர்லாந்துப் பக்கம் திரும்பியது.

4/ பிப்ரவரி 16 இரவு, ஜெர்மன் நீர்மூழ்கி யு-101 ஏவிய டார்பிடோ தாக்கியது. கொஞ்ச நேரத்தில் கப்பல் மூழ்கிடுச்சு.

5/ உயிர்காக்கும் படகு ஒன்றில் முப்பது பேருக்கு மேல் ஏறினார்கள். பொறுப்பு, இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அய்ர்ஸ். அட்லாண்டிக் குளிர்காலம். சில நாட்களில் குடிதண்ணீர் தீர்ந்தது.

6/ சுத்தி அவ்வளவு தண்ணி இருக்கே, குடிக்கக் கூடாதான்னு கேட்பீங்க. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. சிறுநீரகத்தால் சிறுநீரை அவ்வளவு உப்பாக்க முடியாது. அதனால் அந்த உப்பை வெளியேற்ற, குடிச்சதை விட அதிகத் தண்ணீரை உடம்பு இழக்கும். தாகம் கூடும், புத்தி தடுமாறும், கடைசியில் உயிர் போகும். கூடவே குளிர் வேற. திருச்சுழி, அருப்புக்கோட்டை வெயிலில் வேலை பார்க்கிற நமக்குத் தாகம் தெரியும். ஆனா இது வேற தாகம்.

7/ 13-வது நாள், மார்ச் 1. இங்கிலாந்தின் கார்ன்வால் கரை தெரிந்தது. அப்போது படகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உயிரோடு இருந்தார்கள். கரைக்குப் பக்கத்தில் அலை படகைக் கவிழ்த்தது. பிழைத்தவர் அய்ர்ஸ் மட்டும். அந்தக் கப்பலில் வந்த எல்லாரிலும் அவர் ஒருவர்தான். அவருக்கு விருது கொடுத்தார்கள். அதற்குத் தகுதியானவர்தான்.

8/ 2011-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் கப்பலைக் கண்டுபிடித்தது. ஆழம் சுமார் 4,700 மீட்டர். 2012, 2013-ல் 2,700-க்கும் மேற்பட்ட வெள்ளிக் கட்டிகளை எடுத்தார்கள். போய்ச் சேராத 700-க்கும் மேற்பட்ட கடிதங்களும் கிடைத்தன. 70 வருஷம் கடலடியில் கிடந்தும் படிக்கிற நிலையில்!

9/ வெள்ளிக்குக் கட்டி கட்டியாகக் கணக்கு இருக்கு. கடிதங்களுக்குக் கண்காட்சி வைத்தார்கள். அந்த இந்திய மாலுமிகளின் பேரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கோமா?

10/ இரண்டாம் உலகப் போரில் இறந்த சுமார் 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவுப் பட்டியல் மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கிறது. அவங்க யாரும் துப்பாக்கி ஏந்தலை. கரி அள்ளிப் போட்டாங்க, சமைச்சாங்க, தளம் துடைச்சாங்க. பிரிட்டனுக்குச் சாப்பாடும் தேயிலையும் போய்ச் சேர்ந்தது இவங்களாலதான்.

அடுத்த முறை இந்தக் கப்பலின் வெள்ளியைப் பத்தி யாராவது வீடியோ அனுப்பினா, இவங்களைப் பத்தியும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க.