தோட்டச் சிறாரின் வாரம்: இறம்பொடை மலைகளிற் கல்வியும் பொழுதும்

பாடசாலைகளின் வரலாற்றை எழுதுதல் எளிது. அவற்றுக்குச் சட்டங்கள் உள, கட்டிடங்கள் உள, வரவுப் பதிவேடுகள் உள. கல்வியின் வரலாற்றை எழுதுதல் அத்துணை எளிதன்று. ஒரு சிறுவன் ஒரு வாரத்திற் கற்பவற்றுட் பாடசாலையிற் கற்பவை ஒரு கூறே. எஞ்சியவற்றை அவன் வீட்டிலும், கோயில் முன்றிலிலும், மாலை வகுப்பிலும், பெரியோர் பேச்சைக் கேட்டும் கற்கின்றான். இவ்வெஞ்சிய கூறு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மேலைநாடுகள் சிலவற்றிற் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் கடந்த அரை நூற்றாண்டிற் பெருகியுள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் யோன் ஹோல்ட் என்னும் கல்விச் சிந்தனையாளர் 1977 இல் இத்தகைய பெற்றோருக்கென ஓர் இதழே தொடங்கினார். இக்குடும்பங்கள் வாரத்தை நாள்தோறும் பகுத்து, ஒருநாள் இசைக்கும், ஒருநாள் நீச்சலுக்கும், ஒருநாள் நூலகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் வழக்கம். இது புதுமை போலத் தோன்றினும், பாடசாலைக்குப் புறத்தே வாரத்தை வகுத்துக் கற்றல் நம் நாடுகளிற் பழையதொன்றே. கல்கத்தாவின் யோராசங்கோ மாளிகையில் 1861 இற் பிறந்த இரவீந்திரநாத தாகூர், தம் இளமைக் காலத்து நாளொழுங்கைத் தம் நினைவுநூலிற் குறித்துள்ளார். விடியுமுன் மற்போர்ப் பயிற்சி, பின் கணிதம், இலக்கியம் முதலிய பாடங்கள், பாடசாலை விட்டு வந்ததும் சித்திரமும் உடற்பயிற்சியும், மாலையில் ஆங்கிலம், ஞாயிற்றுக்கிழமை காலையில் இசை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் வீடு தேடி வந்தார்.

தாகூர் குடும்பத்துக்குச் செல்வம் இருந்தது. செல்வத்தினும் மேலாகப் பொழுது இருந்தது. பிள்ளையின் பொழுதைப் பெற்றோரே ஆண்டனர். செல்வமும் இல்லாது, பொழுதும் தமதாக இல்லாது வாழ்ந்த மக்கள் தம் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தை எவ்வாறு வகுத்தனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. அதற்கு இலங்கையின் மத்திய மலைநாடு, சிறப்பாக இறம்பொடைப் பகுதி, தக்க சான்றாகும். தோட்டக் கல்வியின் வரலாறு, சிறாரின் பொழுது யாருக்கு உரியது என்னும் வழக்கின் வரலாறேயாம்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிற் புசல்லாவையைக் கடந்து செல்வோர் இறம்பொடையை அடைவர். நீர்வீழ்ச்சி ஒருபுறமும் கொத்மலைப் பள்ளத்தாக்கு மறுபுறமுமாக அமைந்த அவ்வூரைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. கம்பளையை அடுத்த பகுதியில் 1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிற்று. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தபின், 1867 இல் யேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலைகளெங்கும் பரவியது. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு மட்டும் வந்துபோன தமிழ்நாட்டுத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலையின் வரவால் மலைகளிலேயே நிலைத்தனர். குடும்பங்கள் நிலைத்தபின்னரே சிறாரின் கல்வி ஒரு வினாவாக எழுந்தது.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் அவர்கள் வந்தனர். அவ்வூர்களிற் கல்வி திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நடந்தது. அங்கே ஞாயிறு விடுமுறை இல்லை. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி ஆகிய நாட்களே விடுமுறை நாட்கள். திங்களின் வளர்வும் தேய்வும் பள்ளியின் கால அட்டவணையாயின. எனினும் மலைநாட்டுக்கு வந்தோருட் பெரும்பாலோர் சாதியாலும் வறுமையாலும் அத்திண்ணைகளில் ஏறவியலாதவர். ஆதலின், அவர்கள் இழந்து வந்த பள்ளி ஒன்றை மலையில் மீண்டும் அமைத்தனர் எனல் பொருந்தாது. முன்னர்த் தமக்குக் கிட்டாததைத் தம் பிள்ளைகளுக்குத் தேடத் தொடங்கினர் என்பதே பொருந்தும்.

முதற் பள்ளிகள் லயத்து வாசல்களிற் கூடின. எழுத்தறிந்த கங்காணியோ, கணக்கப்பிள்ளையோ, வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவரோ வேலை முடிந்தபின் சிறாரைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தனர். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி முதலிய பெரிய எழுத்துக் கதைநூல்களை ஒருவர் இராகத்துடன் படிக்க, லயத்தார் யாவரும் சூழ்ந்திருந்து கேட்டல் இரவுப் பொழுதின் வழக்கமாயிற்று. 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலியாள் மிசன், தோட்டந்தோட்டமாக உபதேசியார்களை அனுப்பியதோடு பாடசாலைகளையும் நடாத்திற்று. ஆயினும் தோட்டமெங்கும் பரந்த கல்வி முறை ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகவில்லை.

அதற்குரிய தடையை அறிய, துரைமார் பிறந்த நாட்டின் வழக்கத்தை நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் 1844 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறாரின் நாளை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆலைக்கும் மறுபாதியைப் பாடசாலைக்கும் அளித்தது. 'அரைநாள் முறை' எனப்பட்ட இதனை 1918 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே ஒழித்தது. சிறாரின் நாளைத் தொழிலுக்கும் கல்விக்கும் பங்கிடலாம் என்ற இவ்வெண்ணத்தின் நிழல் இலங்கைத் தோட்டங்களிலும் விழுந்தது. 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க நாட்டுப்புறப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்து வாழும் ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட அதிகாரியிடம் ஒப்படைத்தது. 1920 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அப்பொறுப்பை நிலைநிறுத்தியது. பிள்ளையின் உழைப்பால் நயம் பெறுபவரே பிள்ளையின் கல்விக்குங் காவலரானார். இம்முரண்பாட்டிலேயே தோட்டப் பாடசாலை பிறந்தது.

1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழ் 1929 இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி விகிதங்கள் இதனைத் தெளிவாக்கும். உயர்ந்த மலைப் பகுதிகளில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம். சிறாருக்கெனச் சட்டமே ஒரு கூலியை விதித்தபோது, கல்வி பிள்ளையின் பொழுதுக்காகப் பணத்தோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 32 சதம் ஒரு வறிய குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிய தாய், அந்த 32 சதத்தையும் சேர்த்தே நாள்தோறும் கல்விக்குச் செலுத்தினாள். இக்கட்டணம் எந்தக் கல்வி அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலை. பல வகுப்பாரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். பெரும்பாலான பாடசாலைகளிற் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேற் கற்க விரும்பிய பிள்ளை புசல்லாவை, கம்பளை, நுவரெலியா, அட்டன் முதலிய நகரங்களை நாடவேண்டும். தாயோ விடியுமுன் எழுந்து சமைத்துப் பிரட்டுக்களத்துக்கு ஓடுபவள். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவிலும், அதனை அடுத்த குழந்தை மூத்த பெண்பிள்ளையின் இடுப்பிலுமாக வளர்ந்தன. தம்பி பாடசாலைக்குப் போகத் தமக்கை லயத்திலே தங்கினாள். ஒரு பிள்ளையின் பொழுதை விடுவிக்க மற்றொரு பிள்ளையின் பொழுது ஈடாக வைக்கப்பட்டது. தோட்டப் பெண்களிடையே எழுத்தறிவு நெடுங்காலம் குன்றியிருந்தமைக்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

இவ்வளவு நெருக்கடியிலும் பாடசாலைக்குப் புறத்தே ஒரு கல்வி நடந்தது என்பதை மறத்தலாகாது. வெள்ளிக்கிழமை மாலையில் மாரியம்மன் கோயிலிற் பசனை. பெரியோர் பாடச் சிறுவர் பின்பாட்டுப் பாடினர். மாசி மாதத்திற் காமன் கூத்து. அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றப்பட்டதும், இரதியும் மன்மதனுமாக வேடமிடுவோர்க்குக் கூத்து வாத்தியார் இரவுதோறும் பாட்டும் அடவும் பயிற்றினார். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும் இவ்வாறே கைம்மாறின. ஏடறியாத சிறுவனும் நூற்றுக்கணக்கான அடிகளை நெஞ்சில் எழுதிக்கொண்டான். தப்பின் தாளங்களைப் பிரித்தறியக் கற்றான். அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசையரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடியபோது, உரிமை என்னும் பாடமும் இசைவழியே லயங்களை அடைந்தது.

1945 இல் சி. வ. வ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி மலர்ந்தது. அதன் பயன் தோட்டங்களை உடனே எட்டவில்லை. 1947 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பாதற்கு வழிவகுத்தது. மறு ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை கேட்பார் யார்? 1960, 1961 ஆம் ஆண்டுகளில் நாட்டின் உதவிபெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன.

அந்த வெற்றிடத்தை இளைஞர் சங்கங்களின் இராப்பள்ளிகள் ஓரளவு நிரப்பின. நகரத்துப் பாடசாலைகளிற் கற்றுத் தோட்டத்துக்கு மீண்ட இளைஞர், பகலிற் கொழுந்து சுமந்த சிறாருக்கு இரவில் விளக்கேற்றி எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம் போன்றோர் இத்தலைமுறையின் எழுச்சிக்கு வித்திட்டனர். மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, லயத்து இரவுகளில் வழங்கிய பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். எழுதப்படாத கல்வி ஒன்று எழுத்துக்கு வந்தது அப்பணியாலேயாம்.

1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாத்திரி உடன்படிக்கை வகுப்பறைகளைப் பாதியாக்கியது. ஒரே பலகையில் எழுதப் பழகிய நண்பருள் ஒருவன் இந்தியாவுக்குக் கப்பலேற, மற்றவன் மலையில் எஞ்சினான். 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தமும் 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாக ஏற்றது. 1980களிற் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டிடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. 1998 இல் ஐந்து முதற் பதினான்கு வயது வரையுள்ளோர்க்குக் கல்வி கட்டாயமாயிற்று; 2016 இல் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்ந்தது. சிறாரின் பகற்பொழுது நூறாண்டு வழக்கின்பின் சட்டப்படி கல்விக்கு உரியதாயிற்று.

இன்று இறம்பொடைப் பகுதியிற் சிறாரின் வாரம் வேறு வடிவம் பெற்றுள்ளது. வார நாட்களிற் பாடசாலை. மாலையிலும் சனிக்கிழமையிலும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்குமான தனியார் வகுப்புக்கள். கோயில்களை ஒட்டி அறநெறி வகுப்பு. பேருந்தேறி நகரத்து வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளும் உளர். பகற்கூலி வாங்கும் தாய், வகுப்புக் கட்டணத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் தன் கொழுந்துக் கூடையின் நிறையாற் கணிக்கின்றாள். முன்னர்ப் பிள்ளையின் கூலியை இழந்து கல்விக்குச் செலுத்தினாள். இன்று தன் கூலியிலிருந்து செலுத்துகின்றாள்.

இம்மாற்றத்தில் மகிழ்தற்கும் எண்ணுதற்கும் இடமுண்டு. மூத்த பெண்பிள்ளை இன்று இடுப்பிற் குழந்தையின்றிப் புத்தகப்பையுடன் செல்கின்றாள். இது பெரும்பேறு. ஆயின் தேர்வு வகுப்புக்கள் வாரத்தின் ஏழு நாட்களையும் கவர்ந்துகொண்டால், தப்பின் தாளம் பயிலவும் கூத்து வாத்தியாரிடம் பாட்டுக் கேட்கவும் பிள்ளைக்குப் பொழுது எஞ்சாது. ஒருகாலத்தில் தோட்டம் கவர்ந்த பொழுதைப் பின்னொருகாலத்தில் தேர்வு கவருமாயின், பிள்ளையின் நிலை முழுதும் மாறிற்று எனல் அரிது.

கல்வி வரலாற்றை ஆராய்வோர் சட்டங்களையும் கட்டிடங்களையும் மட்டும் எண்ணி அமைதல் கூடாது. ஒரு குடும்பத்தின் திங்கள் முதல் ஞாயிறு வரையுள்ள நாட்களை எடுத்து, அவற்றை வகுத்தவர் யார், அவற்றுக்கு விலை செலுத்தியவர் யார் என்று வினவுதல் வேண்டும். இறம்பொடை மலைகளில் அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையிற் பெரும்பங்கு, விடியுமுன் எழுந்த தாய்மாருக்கும் வாசற்படியிற் தங்கிய தமக்கையருக்கும் உரியது. அவர்தம் பெயர் பதிவேட்டில் இன்றாயினும், மலைநாட்டின் ஆசிரியரும் மருத்துவரும் எழுத்தாளரும் அவர் விட்டுக்கொடுத்த பொழுதிற் கற்றவர்களே.