சவுத் மவுண்டனும் என் சைக்கிளும்

போன சனிக்கிழமை ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டின சவுத் மவுண்டன் பாலைவனத்தில் மவுண்டன் பைக் ஓட்டினேன். (பாதி தூரம் தள்ளினேன்னு சொல்லணும்!)

1924-ல் ஊர்ப் பெரிய மனுஷங்க, கார்ல் ஹேடன் உதவியோட, அமெரிக்க அரசுகிட்ட இருந்து 13,000 ஏக்கரை வெறும் 17,000 டாலருக்கு நகரத்துக்காக வாங்கினாங்க. 1930-களின் மந்த காலத்தில் வேலையில்லாத இளைஞர்கள் அரசுத் திட்டத்தில் வந்து பாதைகள் போட்டாங்க. நடக்கவும் குதிரைக்கும் போட்ட பாதை. இப்ப நம்ம டயர் உருளுது.

ஆனா வித்தவங்களுக்கு மலை எப்படி வந்துச்சு? பாறைகள்ல ஹோஹோகம் மக்கள் செதுக்கின உருவங்கள் இன்னும் இருக்கு. அவங்களை முன்னோர்னு சொல்ற அகிமெல் ஓஓதம் மக்களுக்கு இது புனித மலை. மேற்குப் பக்கம் நெடுஞ்சாலை வேணாம்னு கோர்ட்டுக்குப் போனாங்க, தோத்தாங்க. முகட்டை வெட்டி 2019 டிசம்பரில் சாலையைத் திறந்தாச்சு.

எங்களுக்கு மட்டும் தடத்தை விட்டு விலகக்கூடாதுன்னு போர்டு.