திரை விலக்கும் பயணம்: மஅபர் கரையில் இப்னு பதூதா

அரபு மொழியில் பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் சொல், திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. வைகறை வெளுப்பதைக் குறிக்கும் 'இஸ்ஃபார்' என்பதும் அவ்வேரினதே. மனிதனின் குணங்களை வெளிப்படுத்திவிடுவதாலேயே பயணத்திற்கு இப்பெயர் அமைந்தது என்ற விளக்கத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா'வில் காண்கிறோம். பயணம் மனிதனைப் பண்படுத்தும் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். ஆனால் பண்படுத்துமுன் அது அவனை அவனுக்கே காட்டிக் கொடுக்கிறது. கண்டதை ஏற்கும் துணிவு உள்ளவனே அதனால் வளர்கிறான். இவ்வுண்மைக்குத் தமிழ் மண்ணோடு தொடர்புடைய சான்றொன்று இப்னு பதூதாவின் வரலாற்றில் உண்டு.

மொராக்கோவின் தான்ஜியர் நகரில் 1304இல் பிறந்த அவர், ஹஜ்ஜை நாடி 1325 ஜூனில் தன்னந்தனியே புறப்பட்டார். அப்போது வயது 21. வழியில் காய்ச்சல் கண்டது. சேணத்திலிருந்து விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்தோரை ஊரார் எதிர்கொண்டு ஸலாம் கூறி வரவேற்றனர். இவரை அறிந்தவர் ஒருவருமில்லை. துக்கம் தாளாது அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் உரைத்து, ஊருக்குள் நுழையும்வரை பேச்சுத் துணையாக இருந்தார். பல்லாண்டுகள் கழித்தும் அந்த அழுகையை மறைக்காமல் பதிவு செய்தார் என்பது கருதத்தக்கது.

டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காஜியாகப் பணியாற்றிய அவர், 1340களின் தொடக்கத்தில் சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார். கள்ளிக்கோட்டையில் எழுந்த புயல் அத்தூதையே குலைத்தது. அரசரின் அன்பளிப்புகளை ஏற்றிய கப்பல் உடைந்தது. இவருடைய பொருள்கள் இருந்த மற்றொரு கப்பல் இவரைக் கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டது. கையில் எஞ்சியவை பத்துத் தீனார்களும், படுத்திருந்த விரிப்பும் மட்டுமே. ஆயினும் கற்ற கல்வி எஞ்சியிருந்தது. அக்கல்வியே மாலத்தீவில் அவரை மீண்டும் காஜி பதவியில் அமர்த்தியது.

1344இல் அவர் இலங்கைக்குச் சென்றார். அங்கே புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னர், முஸ்லிமான இப்பயணி பாவா ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் தந்தார். உடன் சென்றோரில் யோகிகளும் பிராமணர்களும் இருந்தனர்.

அங்கிருந்து, அரேபியர் 'மஅபர்' என அழைத்த நம் சோழமண்டலக் கரையை நோக்கி வருகையில், கரை நெருங்கிய வேளையில் கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கி உடையும் நிலைக்கு வந்தது. தம்மவரை மிதவையில் முதலில் அனுப்பிவிட்டு, இவர் கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். விடிந்தபின் படகில் வந்து கரை சேர்த்தவர்கள், இவருடைய மார்க்கத்தைச் சேராத இந்நாட்டு மக்களே. அவர்கள் தந்த உணவையும் அவர் விவரிக்கிறார். பஞ்சு போன்ற சதையும் தேன் போன்ற இனிப்பும் உடைய ஒரு கனி, அதிலிருந்து செய்யப்படும் சர்க்கரை போன்ற பண்டம், நல்ல மீன். அக்கனி நம் பனம்பழம் என்பதைத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது மதுரை சுல்தானாயிருந்தவர் கியாஸுத்தீன் தாமகானி. மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் ஒரு மகளை இப்னு பதூதாவும், மற்றொரு மகளை இவரும் மணந்திருந்தனர். உறவினர், ஒரே மார்க்கத்தினர், ஆதரவளித்தவர். எனினும் அச்சுல்தானின் கொடுமையை நம் பயணி மூடி மறைக்கவில்லை. காட்டில் பிடிபட்ட மக்கள் தாங்களே சுமந்து வந்த கழுமரங்களில் மறுநாள் ஏற்றப்பட்டதையும், பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பாததையும் எழுதினார். சுல்தானோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது ஒருவரும் அவர் மனைவியும், ஏழு வயது மகனும் கொல்லப்பட்டதையும், தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதினார். வேறெந்த அரசரிடமும் காணாத இழிசெயல் இது என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளித்தார். தம்மைக் காத்த கரங்கள் யாருடையவை, கொன்ற கரங்கள் யாருடையவை என்ற இரண்டும் அவருடைய ஏட்டில் அருகருகே நிற்கின்றன. ஊரிலேயே இருந்திருந்தால் எழுதியிருக்க முடியாத பக்கங்கள் இவை.

ஆனால் பயணம் அவரைக் குறையற்றவராக்கிவிட்டது என்று கூறுவது வரலாறாகாது. அன்று உணவுத் தட்டின் முன் அவர் முகத்தைத் திருப்பினாரேயன்றி, தடுத்துப் பேசியதாகக் குறிப்பிடவில்லை. மாலத்தீவின் மீது படையெடுக்குமாறு இதே சுல்தானைத் தூண்டியவரும் அவரே. அதையும் அவருடைய நூலிலிருந்தே அறிகிறோம். பயணம் திரையை விலக்கியது. விலகிய இடத்தில் தெரிந்த அனைத்தும் அழகாக இல்லை.

பின்னர் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. நோயுற்றோர் இரண்டு மூன்று நாட்களுக்குள் மடிந்தனர். அவர் விலைக்கு வாங்கிய பணிப்பெண் மறுநாளே இறந்தார். சுல்தானும் அந்நாட்களில் மாண்டார். அவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. இங்கு மிகுதியாகக் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போனபின் குணமடைந்ததாகக் கூறுகிறார். மதுரையை விட்டு நீங்கி மேற்குக் கரையில் சென்றபோது கடற்கொள்ளையர் அனைத்தையும் பறித்துக்கொண்டு கால்சட்டையோடு விட்டனர். புகாராவில் எடுத்திருந்த குறிப்புகளும் கடற்கொள்ளையில் போயின. கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குள் அந்நிலையில் நுழைந்தவருக்கு ஃபகீஹ் ஒருவர் ஆடையும், காஜி தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பினர். தூனிஸில் அந்நியராக அழுதவர், இப்போது அழுததாக எழுதவில்லை. வங்காளத்துக்கும் சுமத்ராவுக்கும் சீனத்துக்குமான பயணத்தைத் தொடர்ந்தார்.

1349இல் தாயகம் திரும்பியபோது, பெருங்கொள்ளைநோயில் தாயார் மறைந்துவிட்ட செய்தியே எதிர்கொண்டது. பின்னர் மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை எழுதி 'ரிஹ்லா' 1355இல் நிறைவுற்றது.

பூமியில் சுற்றித் திரிந்து முன்னோரின் முடிவைக் கண்டுணருமாறு திருக்குர்ஆன் பன்முறை வலியுறுத்துகிறது. நோக்கம் கண்டுணர்தலே. திரைகடலோடிப் பொருளீட்டிய மரபு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பர்மா, மலாயா, இலங்கை, வளைகுடா எனச் சென்று இழந்தும் மீண்டும் வந்தோர் நம் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் காண்கிறோம். அவர்கள் கண்டவற்றை எழுதிய ஏடுகள் மிகக் குறைவு. தங்களைக் காத்த அந்நியரையும், ஏமாற்றிய உறவினரையும், தாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காது அவர்கள் சொல்வார்களாயின், அருகிலிருந்து எழுதிக்கொள்வது இளைய தலைமுறையின் கடமையாகும்.